சாட்சி போட்ட மாப்பிள்ளை

நம் குடும்பங்களில் மாப்பிள்ளைக்கு உள்ள ஒரே முழுநேர வேலை கோபித்துக்கொள்வதுதான். கல்யாணப் பத்திரிகையில் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டால் கோபம். பந்தியில் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தால் கோபம். யாரும் எதுவுமே செய்யாவிட்டால், 'என்னை ஒருத்தரும் கண்டுக்கல' என்று அதற்கொரு கோபம். இந்த வேலையை நான் ஒரு நாள் லீவு போடாமல் பார்த்தேன். அதனால் ஜொகூர் தம்போயில் ஒரு வீடு கிடைத்தது. எனக்கில்லை, என் மச்சினனுக்கு.

சூதாடி வீட்டை விட்டவர்கள் உண்டு. ஊரான் கடனுக்கு ஜாமீன் நின்று விட்டவர்கள் உண்டு. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, குத்துவிளக்குக்கு முன்னால், புதுப் பேனாவால் மங்களகரமாக விட்டவன் இந்த ஜொகூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீடு என் மாமனாருடையது. பஸ் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்து, ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வாங்கிய ஒற்றை மாடி வரிசை வீடு. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கலா, என் மனைவி. இளையவன் சிவா, சிங்கப்பூரில் வேலை, சிங்கப்பூரிலேயே வீடு. கல்யாணமான நாளிலிருந்து நானும் கலாவும் மாமனாரோடுதான் இருந்தோம். (வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது வாயெடுத்தால் அதற்கென்று தனிக் கோபம் வைத்திருந்தேன்.) மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது, கலா பாசீர் கூடாங் பேக்டரி வேலையை விட்டுவிட்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, பிடித்துக்கொண்டு நடக்கப் பழக்குவது எல்லாம் அவள்தான். சிவா தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டின் பால் மாவோடு வந்து, 'அப்பா இளைச்சிட்டாங்களே அக்கா' என்று கவலைப்பட்டுவிட்டுப் போவான்.

மாமனார் தடி ஊன்றி நடக்கத் தொடங்கியதும் முதலில் சொன்னது இதைத்தான்: "மாப்பிள்ளை, இந்த வீடு கலாவுக்கு. பேங்குல கெடக்கிறது, மத்தது எல்லாம் சிவாவுக்கு. நான் கண்ண மூடுறதுக்குள்ள எழுதி வச்சிரணும்."

உலு திராமில் ஒரு லாயர் அம்மா இருப்பதாகச் சொன்னார்கள். நம்ம பிள்ளைதான். நான்தான் மாமனாரைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளை மாமனார் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டது.

"உயில் டைப் பண்ணித் தரேன் அங்கிள். கையெழுத்து மட்டும் இங்க வந்துதான் போடணும். சாட்சிக்கு ரெண்டு பேரு வேணும். என் ஆபீஸ் ஸ்டாஃப் போட்டுருவாங்க. உங்க குடும்பத்துல யாரும் வேணாம்."

யாரும் வேணாமா? நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே மருமகன் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறேன். பேர் கூடத் தெரியாத இரண்டு கிளார்க்குகள் எங்கள் வீட்டு உயிலுக்குச் சாட்சியா? நாளைக்கு ஊர்சனம் கேட்டால் என்ன சொல்வது?

"அப்ப நான் எதுக்கு வந்தேன்? டிரைவரா?" என்றேன்.

"அதுக்கில்ல அண்ணே, ஏன்னா..." என்று அந்தப் பிள்ளை தொடங்கியது.

அந்த 'ஏன்னா'வுக்குப் பிறகு வந்ததைக் கேட்க நான் அங்கே இல்லை. விருட்டென்று எழுந்து பக்கத்திலிருந்த மாமாக் டீக்கடைக்குப் போய்விட்டேன். நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரிக் சொல்லி, உறிஞ்சி உறிஞ்சி, நிதானமாகக் குடித்தேன். ஒரு வீட்டின் விலையில் தே தாரிக் குடித்தவன் எனக்குத் தெரிந்து வேறு யாரும் கிடையாது. மாமனாருக்கு லாயர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் காது ஏற்கெனவே மந்தம். லாயர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார்.

டைப் செய்த உயில் சில நாளில் வீட்டுக்கு வந்தது, படித்துப் பார்ப்பதற்காக. கையெழுத்துக்குச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாமனார் காலண்டரைப் பார்த்தார். ராகு காலம். அது ஒன்று. இன்னொன்று, அந்த வாரம் முழுவதும் நான் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. (வெளியே இரண்டு நாசி லெமாக் தின்றுவிட்டு வந்து, பசியில்லை என்பேன்.) மாமனார் மனிதர் நல்லவர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ராகு காலத்துல போயி வெளியாளு முன்னாடி எதுக்குக் கையெழுத்துப் போடணும்? வெள்ளிக்கிழமை காலையில சாமி ரூம்லயே போடுவோம். சாட்சி நீங்க போடுங்க மாப்பிள்ளை. பக்கத்து வீட்டு ராஜுவையும் கூப்பிட்டுக்குவோம்."

கலாதான் கொஞ்சம் தயங்கினாள். "அந்த லாயர் பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டுருவோமே."

"என்ன கேக்கணும்? உங்கப்பா வீடு, உங்கப்பா கை, உன் புருசன் சாட்சி. இதுல லாயருக்கு என்ன வேலை?" என்றேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். என்னோடு வாழ்ந்து பழகியவள்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துத் திருநீறு பூசிப் பட்டுச் சட்டை போட்டேன். கடைசிப் பக்கத்தின் மூலையில் கலா மஞ்சள் வைத்தாள். மாமனார் நடுங்கும் கையால் நாங்கள் பார்க்க, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். ராஜு அண்ணன் ஏதோ பார்சலுக்குப் போடுவதுபோலக் கிறுக்கிவிட்டுக் கேசரிக்குக் காத்திருந்தார். நான் முழுப் பெயரையும் எழுதினேன். அது போதாதென்று, பிற்காலத்தில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, அதற்குக் கீழே 'மருமகன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கோடும் இழுத்தேன். லாயர் ஆபீஸிலிருந்து போன் வந்தபோது, "அதெல்லாம் குடும்பத்துக்குள்ளயே முடிச்சிட்டோம்மா" என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு மாமனார் இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும், நானும் கலாவும் உயிலை எடுத்துக்கொண்டு உலு திராம் போனோம். லாயர் பிள்ளை புரட்டிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நின்றது. மஞ்சளைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.

"அண்ணே, இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான்மா." எனக்கு அப்போதும் பெருமைதான்.

"அலமாக்," என்று தலையில் கை வைத்தது அந்தப் பிள்ளை. பிறகு கலாவின் பக்கம் திரும்பிக்கொண்டது. "அக்கா, உயில் செல்லும். ஆனா உங்களுக்கு எழுதினது மட்டும் செல்லாது. சாட்சி போட்டவருக்கோ, அவரு பொண்டாட்டிக்கோ அந்த உயில்ல ஒன்னும் போகாது. சட்டம் அப்படி. வீடு இப்ப 'மத்ததெல்லாம்'கிறதுல சேந்துரும்."

"மத்ததெல்லாம் தம்பிக்குல்ல?" என்றாள் கலா.

"ஆமாக்கா."

"என் கையெழுத்தே இல்லன்னு வச்சுக்குங்களேன்," என்றேன் நான்.

"மருமகன்னு எழுதி அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க. இதுக்குத்தான் அன்னைக்குக் குடும்பத்துல யாரும் வேணாம்னு சொன்னேன். ஏன்னு சொல்றதுக்குள்ள நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க."

கலா அந்தப் பக்கத்தின் மஞ்சள் மூலையை விரலால் தடவினாள். "அப்பா கை நடுங்க நடுங்கப் போட்டாரு," என்றாள். அவ்வளவுதான். அவள் என்னை ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சிவா மனசு வைத்தால் அக்கா பெயருக்கு மாற்றித் தரலாம் என்று லாயர் பிள்ளை சொல்லியிருந்தது. அந்த மனசுக்காகக் காத்திருந்தோம். சிங்கப்பூர்ப் பாலத்தில் ஜாம் என்று சொல்லிக்கொண்டு வந்தான். கலா அவனுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டான்.

"அப்பா மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும் மச்சான். ஆனா சட்டம் அப்படி இருக்கே, நான் என்ன செய்றது? நான் ஒன்னும் புடுங்கிக்கலயே. நீங்களாத்தான் போட்டீங்க."

அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். தம்பியோடு கோர்ட்டில் நிற்கமாட்டேன் என்று கலா சொல்லிவிட்டாள்.

சிவா எங்களை வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை, அந்த மட்டும் நல்லவன். அக்கா இங்கேயே இருக்கட்டும், சும்மா ஒரு வாடகை ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொள்வோம் என்றான். கலா, தான் அப்பாவைக் குளிப்பாட்டிய வீட்டுக்கு வாடகைக்காரியாகக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு ஒரு இடம் காலியாக இருந்தது. சிவா சிரித்துக்கொண்டே காகிதத்தை என் பக்கம் தள்ளினான்.

"நீங்களே போடுங்க மச்சான். உங்க கைதான் ராசி."

போட்டேன். இந்த முறை அடிக்கோடு போடவில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டு விசேஷம் என்றாலும் இந்தக் கதை சாப்பாட்டோடு பரிமாறப்படுகிறது. சொந்தக்காரப் பையன் ஒருவனுக்குக் கல்யாணப் பதிவு நடந்தபோது, சாட்சிக்கு யார் என்று கேட்டதும் மண்டபமே, "மச்சான மட்டும் கூப்பிடாதீங்கலா, பொண்ணு சிவாவுக்குப் போயிரும்!" என்று கத்தியது. சிவாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். கோபித்துக்கொள்வதை நான் அடியோடு விட்டுவிட்டேன். தே தாரிக்கையும்தான்.

கலா மட்டும் இதுவரை அதைச் சொல்லிச் சிரித்ததும் இல்லை, திட்டியதும் இல்லை. போன மழைக்குக் கூரை ஒழுகியது. ஓட்டையைப் பார்க்க வந்த ஆள் வேலையைக் கணக்குப் போட்டு, பேப்பரை என்னிடம் நீட்டினார்.

"வீட்டு ஓனர் நீங்கதானே அண்ணே? இங்க ஒரு சைன் வைங்க."

நான் பேனாவைத் தேடினேன். கலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஓனர் சிங்கப்பூர்ல இருக்காரு," என்றாள். "இவரு சாட்சி."