பார்வையாளர் நேரம்: நாலு முதல் ஆறு வரை

வேதசிரோமணி கோவில்பட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். சட்டம் போடுவது அவருக்கு மூச்சு விடுவது போல. ஜூன் மாதக் கடைசியில் அவர் போட்ட சட்டம்தான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம்.

ஒரே மகள் ரேஷ்மாவைத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்த்து, ஹாஸ்டல் வாசலில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். அங்கே நாலைந்து அம்மா அப்பாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். வேதசிரோமணிக்கு அது பிடிக்கவில்லை. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுகிற குரலை எடுத்தார். கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் யாரும் வந்து பார்க்கக் கூடாது, பிள்ளை தனியாக நிற்கப் பழக வேண்டும், அழுகிற பெற்றோர்தான் பிள்ளைகளுக்கு முதல் எதிரி என்று அறிவித்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை முறைத்தார்கள்.

மனைவி யூனிஸ், "சரி" என்றாள்.

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் யூனிஸ் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்தது அதுதான் முதல் தடவை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உஷாராகியிருப்பார்கள். தலைமையாசிரியர்களுக்கு உஷார் என்பது மாணவர்கள் விஷயத்தில் மட்டும்தான் வரும்.

ஜூலை ஒருவழியாக ஓடியது. ஆகஸ்டில் சட்டம் ஆட்டம் காண ஆரம்பித்தது. ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க ரேஷ்மாவின் அறைக்குள் தினம் ஒருமுறை போனார். ஆளில்லாத அறையில் ஃபேன் எதற்கு ஓட வேண்டும் என்று யூனிஸ் கேட்கவில்லை. அவர்பாட்டுக்குப் போட்டுவிட்டுக் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒருநாள் பிளஸ் டூ வகுப்பில் ரெட்டைப் பின்னல் போட்ட பிள்ளை ஒருத்தியை, "ரேஷ்மா, எந்திரிச்சுப் பதில் சொல்லு" என்றார். அந்தப் பிள்ளையின் பெயர் ரோஹிணி. வகுப்பு மொத்தமும் சிரித்தது. அவர் யாரையும் அடிக்காமல் வெளியே வந்து, தண்ணீர் குடித்தார்.

ஆனால் மகளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்வதா? அதற்குப் பள்ளிக்கூடத்தையே ராஜினாமா செய்துவிடலாம்.

காலாண்டு விடுமுறை வந்தது. கூடவே யோசனையும் வந்தது. உனக்குச் சென்னையைச் சுற்றிக் காட்டவே இல்லையே, ஒரு வாரம் போய்த் தங்குவோம் என்றார். யூனிஸ் அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"கடைசியா என்னைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. பத்தொம்பது வருஷம் ஆச்சு. அன்னைக்கு மழை."

"அதனாலதான் சொல்றேன்."

"ரூம் எங்க போட்டிருக்கீங்க?"

"சேலையூர்ல. கேம்ப் ரோடு மேலயே."

"சென்னை பாக்கச் சேலையூர்ல ரூமா?"

"அங்க காத்து நல்லாருக்கும்."

தாம்பரத்தை ஒட்டிய கேம்ப் ரோட்டின் புகைக் காற்றை அறிந்தவர்கள் இந்த இடத்தில் இருமிக்கொள்ளலாம். யூனிஸ் இருமவில்லை. மறுபடியும் "சரி" என்றாள்.

அவர் ஒரு பட்டியல் தயாரித்தார். முழு வெள்ளைத் தாளில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'சென்னையில் ஏழு நாட்கள் – செய்ய வேண்டியவை' என்று தலைப்பு. திங்கள் வண்டலூர் மிருகக்காட்சி சாலை. செவ்வாய் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரை. புதன் மாமல்லபுரம். வியாழன் பரங்கிமலை. இப்படியே ஞாயிறு வரை. எல்லா நாளிலும் மாலை நாலு முதல் ஆறு வரை ஒரு கட்டம். அதில் 'ஓய்வு' என்று எழுதியிருந்தார். யூனிஸ் பட்டியலைப் பார்த்தாள். யாருக்கு இவ்வளவு ஓய்வு என்று கேட்டாள். உனக்குத்தான், நான் அப்போது சும்மா காலாற நடந்துவிட்டு வருவேன் என்றார். ஹாஸ்டலில் பார்வையாளர் நேரமும் நாலு முதல் ஆறுதான் என்பது உலகத்தில் தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, பையைத் தோளில் மாட்டும் நேரத்தில், யூனிஸுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

"எனக்கு முடியாதுங்க. நீங்க போயிட்டு வாங்க."

"நீ இல்லாம நான் மட்டும் எதுக்கு?"

"டிக்கெட் எடுத்தாச்சுல்ல? பட்டியல் போட்டாச்சுல்ல? நீங்களே பட்டியலை மீறினா ஊருக்கு யாரு புத்தி சொல்றது? போங்க. ஒவ்வொண்ணுத்துக்கும் முன்னாடி நின்னு போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் படுத்துக்கிட்டே பாத்துக்கறேன்."

அவருக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. தடையே தானாகப் படுத்துவிட்டது. வண்டலூருக்கு ஓடினார். வெள்ளைப் புலி முன்னால் நின்று, போனை நீட்டிப் பிடித்து, தன் முகம் முக்காலும் புலியின் வால் காலுமாக ஒரு படம் அனுப்பினார். 'நன்றாக இருக்கிறது' என்று பதில் வந்தது. புலியா, தானா என்று புரியவில்லை. நீர்யானை, முதலை, ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றையும் ஓட்டமாக ஓடிப் பார்த்துவிட்டு, மூன்றே முக்காலுக்கு ஹாஸ்டல் வாசலுக்கு எதிரே வந்து சேர்ந்தார்.

சேர்ந்ததும் கால் நகரவில்லை.

உள்ளே போனால் கையெழுத்துப் போட வேண்டும். மகளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவள் ராத்திரியே அம்மாவிடம் சொல்வாள். சட்டம் செத்துப் போகும். சரி, உள்ளே போக வேண்டாம் என்று முடிவு செய்தார். நாலு மணிக்கு முதல் வருஷப் பிள்ளைகள் வகுப்பு முடிந்து இந்த வாசல் வழியாகத்தான் வருவார்கள். டீக்கடையில் நின்று தூரத்தில் இருந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். இளைத்திருக்கிறாளா, அந்தப் பச்சைச் சுடிதாரைத்தான் போட்டிருக்கிறாளா. அவ்வளவுதான் வேண்டும்.

டீ வாங்கினார். பிள்ளைகள் வந்தார்கள். கூட்டம் கூட்டமாக, சிரித்துக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ரேஷ்மா வரவில்லை. இன்னொரு டீ வாங்கினார். ஐந்தரை வரை நின்றார். வரவில்லை.

அங்கேயிருந்து ரூமுக்கு நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் வண்டலூரில் இருந்து வருகிறவர் நடந்து வரலாமா? பால்கனியில் யூனிஸ் நின்றால்? அதனால் தாம்பரம் பஸ் நிலையத்துக்குப் போய், கூட்டத்தில் நசுங்கி, பஸ்ஸில் வந்து ரூம் வாசலில் இறங்கினார். யூனிஸ் கட்டிலில் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கப் படுத்தே கிடந்ததாகச் சொன்னாள். படுத்துக் கிடக்க எதற்கு அந்த நல்ல நீலச் சேலை என்று ஒரு பெண்ணாக இருந்தால் கேட்டிருப்பாள். வேதசிரோமணி, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை கோவளத்தில் அலைக்கு முதுகைக் காட்டி நின்று படம். பேன்ட் முழங்கால் வரை நனைந்தது. புதன்கிழமை மாமல்லபுரத்தில் உருண்டைப் பாறையைத் தாங்குகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கி ஒரு படம். அங்கே நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு அது உறைக்கவே இல்லை. வியாழக்கிழமை பரங்கிமலையில் நூற்றுச் சொச்சம் படி ஏறி, மேலே மாதா கோயிலில் மண்டியிட்டார். பிள்ளை ஒருதரம் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நாலு மணிக்கு டீக்கடை. நாலு நாளும் அதே கதை. எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், ரேஷ்மா மட்டும் வரவில்லை. டீக்கடைக்காரர் இப்போதெல்லாம் கேட்காமலேயே டீயை நீட்டினார்.

வியாழன் சாயங்காலம் ரூமில் வயிறு நிறைய டீயும் மனசு நிறையப் பயமுமாக உட்கார்ந்திருந்தார். ஒன்று, பிள்ளை வகுப்புக்கே போவதில்லை. இல்லாவிட்டால் உடம்புக்கு முடியாமல் ஹாஸ்டலில் படுத்திருக்கிறாள், அம்மா அப்பா பயப்படுவார்கள் என்று மறைக்கிறாள். யூனிஸ் வழக்கம்போல மகளோடு போனில் பேசினாள். சத்தமாக வைக்கச் சொன்னார்.

"அவ உடம்பு எப்படி இருக்குன்னு கேளு."

"எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றது ரேஷ்மாவின் குரல். அதன்பிறகு என்னவோ அடக்கி அடக்கி ஒரு சத்தம்.

"பாத்தியா, இருமுறா."

"இல்லீங்க, சிரிக்கறா."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? இருமல்தான். நெஞ்சுச் சளி." அவர் முகம் வெளுத்துவிட்டது. யூனிஸ் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னமோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு போர்வையை இழுத்து அவர் காலில் போட்டுவிட்டு, சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைப் பட்டியலை அவர் எடுத்தே பார்க்கவில்லை. எங்கேயோ போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எங்கே என்று யூனிஸும் கேட்கவில்லை. பகல் முழுக்கத் தாம்பரம் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாலேகாலுக்கு டீக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ரோட்டைக் கடந்து, நேரே ஹாஸ்டல் வாசலுக்குப் போய் நின்றார்.

செக்யூரிட்டி சவுரிமுத்துவுக்கு அறுபது வயசு இருக்கும். நாற்காலியை விட்டு எழாமல் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், நாலு நாளா எதிர்ல டீ குட்ச்சிகினு இருந்தே. இன்னிக்கு இன்னா, கடை லீவா?"

வேதசிரோமணிக்குக் காது சுட்டது. ரேஷ்மாவின் அப்பா என்று சொன்னார். முதல் வருஷம், பி.எஸ்ஸி. என்றார். சவுரிமுத்து ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினார். மாணவியைப் பார்க்க யார் யார் வரலாம் என்று சேர்க்கும் நாளில் எழுதிக் கொடுத்த தாள் அதில் இருந்தது. அம்மா கட்டத்தில் யூனிஸின் போட்டோ. அப்பா கட்டத்தில் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. அதன் மேல், 'கிறிஸ்துமஸ் வரை தேவையில்லை.' கீழே கையெழுத்து.

"இது யாரு கையெழுத்து சார்?"

"என்னுதுதான்."

"அப்போ உன்னெ உள்ள வுடாதேன்னு நீயே எய்தி குடுத்துகிறே."

"ஆமா."

"அப்பால நீயே வந்து நின்னா நான் இன்னா பண்றது? ரூல்ஸ்னு ஒண்ணு கீதுல்ல."

வாழ்நாள் முழுக்கப் பிறத்தியாரிடம் தான் சொன்ன வாக்கியம் அது. முதல் தடவையாக எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டார். கேட்கவே நன்றாக இல்லை. இரண்டு கையாலும் சவுரிமுத்துவின் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நாலு நாளா பிள்ளை கண்ணுல படல. இருமுது. உள்ள முடியாமக் கிடக்கோ என்னமோ. எனக்கு அவளைப் பாக்கணும். மூணு மாசமா தூக்கம் இல்லை. பாத்துட்டு உடனே வந்துடறேன்."

இந்த நாலு வரியை ஜூலையிலேயே வீட்டில் சொல்லியிருந்தால் ரயில் டிக்கெட்டோடு காரியம் முடிந்திருக்கும். ஆனால் புருஷர்களுக்கு மனசில் உள்ளதைச் சொல்ல, சம்பந்தமில்லாத ஒரு வாட்ச்மேன் தேவைப்படுகிறார்.

 சவுரிமுத்து, முன்வாசல் பின்வாசல் இரண்டுக்கும் பொதுவான நீளமான ரிஜிஸ்டரைத் தள்ளி, மேலே ஒரு பேனாவையும் வைத்தார்.

"எய்து சார். பேரு, உறவு, இன்னாத்துக்கு வந்தேன்னு எல்லாம் எய்தணும். காரணம் எய்தாம உள்ள வுட மாட்டேன்."

பெயர் எழுதினார். உறவு: அப்பா. காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. வீட்டில் சொல்ல முடியாததை ரிஜிஸ்டரில் எப்படி எழுதுவது? முப்பது வருஷ சர்வீஸில் முதல் முறையாக, மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று காப்பியடிக்கப் பார்வையை மேலே ஓட்டினார்.

அவர் கட்டத்துக்கு நேர் மேலே கான்வென்ட்டில் பழகிய சாய்ந்த கையெழுத்து ஒன்று இருந்தது. எங்கேயோ பார்த்த கையெழுத்து. மளிகைச் சீட்டில் தினம் பார்க்கிற கையெழுத்து. பக்கத்தைப் பின்னால் புரட்டினார். திங்கள், மாலை 4.05: 'யூனிஸ். அம்மா. மகளைப் பார்க்க. இருவரும் கல்லூரிப் பின்வாசல் வழியாக.' செவ்வாய்: 'மகளைப் பார்க்க. அவளுடைய அப்பா எதிரே டீக்கடையில் நிற்கிறார். சந்தேகப்பட்டு விரட்ட வேண்டாம்.' புதன்: 'அப்பா இன்றும் நிற்கிறார். மகள் ஓடிப்போய்க் கூட்டி வருகிறேன் என்கிறாள். வேண்டாம், தானாக வருவார்.' வியாழன்: 'இன்றும் வரவில்லை. மகள் ஜன்னலில் நின்று அழுகிறாள், நானும்.'

எழுத்து மங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில் நின்று அழுகிற பெற்றோரைப் பற்றித் தான் சொன்ன கருத்து நல்லவேளையாக அப்போது அவருக்கு நினைவு வரவில்லை. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியைப் படித்தார்.

வெள்ளி, மாலை 4.05: 'இன்று வந்துவிடுவார். கேன்டீனில் மூன்று பேருக்குப் பஜ்ஜி சொல்லியிருக்கிறேன். ஆறுவதற்குள் அனுப்பி வைக்கவும்.'