பூஜ்யத்தில் உட்கார்ந்த தபால்காரர்

பல் டாக்டரின் கிளினிக்குக்கு எல்லோருக்கும் முன்னால் வந்தவர் தபால்காரர். அவரை மட்டும் டிவி கூப்பிடவேயில்லை. பின்னால் வந்த இரண்டு பேர் உள்ளே போய்விட்டுக் கன்னத்தைத் தடவியபடி திரும்பியதும், எழுந்து மூலைக்குப் போனார். அங்கே லேப்டாப்போடு ஓர் இளைஞன் இருந்தான்.

அவன் டாக்டரின் மாப்பிள்ளை. டோக்கனுக்குப் பதிலாக டிவியில் பெயர் வரும்படி புரோகிராம் எழுதித் தருவதாக அவனேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவனிடம் "சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டி எதுவும் கேட்டதில்லை. இன்றைக்காவது மதிப்பார் என்று நம்பினான். அப்பா முன்னால் தன் மானத்தை வாங்கிவிட வேண்டாம் என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

தவறு உடனே தெரிந்துவிட்டது. பெயர்களை வரிசையாக ஓர் அரேயில், அதாவது எண் போட்ட பட்டியலில், வைத்திருந்தான். அரே பூஜ்யத்திலிருந்து எண்ணும். இவன் ஒன்றிலிருந்து எண்ணியிருந்தான். தபால்காரர் பூஜ்யத்தில் உட்கார்ந்திருந்தார்.

தொடக்கத்தைச் சரிசெய்தான். அதே வேகத்தில் முடிவையும் ஒன்று தள்ளி வைத்தான். பட்டியல் முடிந்த பிறகும் இல்லாத ஒருவரைத் தேடிப் போன புரோகிராம் அப்படியே படுத்துவிட்டது. டிவி முழுக்கச் சிவப்பாக 'எல்லை மீறப்பட்டது' என்று வந்தது. அந்த நேரம் பார்த்துத் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு நுழைந்த தையல்கார அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்ததாக வரவேற்பாளரிடம் விளக்கம் கொடுத்தார்.

இனி உண்மையான பட்டியலில் கைவைப்பதில்லை என்று தீர்மானித்து, மாப்பிள்ளை அரேயை நகலெடுத்தான். நகலில் பெயர்களை அகரவரிசையாக்கிப் பார்த்தான். டிவியிலும் பெயர்கள் இடம் மாறின. அவன் நகல் என்று நினைத்தது, அதே அரேக்கு வைத்த இன்னொரு பெயர்தான். ஒரே பிள்ளைக்குச் செல்லப்பெயரும் வைத்துவிட்டு, வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று நம்பியது போலாயிற்று.

அதோடு விட்டதா? ஆளையும் சிகிச்சையையும் ஒரே உறையில் போடுவதுபோல் ஒரே ஆப்ஜெக்டில் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். சோம்பல்பட்டுச் சிகிச்சையைத் தனி அரேயில் போட்டிருந்தான். பெயர்கள் நகர்ந்தன, சிகிச்சைகள் நகரவில்லை.

தபால்காரர் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி வந்தார். "நான் சுத்தம் பண்ணிக்கத்தாங்க வந்தேன். என் பேருக்கு நேரா நாலு பல்லு பிடுங்கணும்னு போட்டிருக்கு."

மாப்பிள்ளை நிமிரவில்லை. அறையில் சலசலவென்று பேச்சு எழுந்தது. தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் குனிந்துகொண்டான். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, ஆப்ஜெக்டாகச் சேர்த்து, ஒருவழியாக முடித்து நிமிர்ந்தபோது நாற்காலிகள் ஏறக்குறைய காலி. மாமனார் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"இன்னைக்கு வலியில துடிக்கிறவங்கதான் முதல்ல வந்தாங்க. சும்மா சுத்தம் பண்ண வந்தவங்க எல்லாம் கடைசி. இத்தனை வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல மாப்பிள்ள. உங்க புரோகிராமுக்கு அது எப்படித் தெரிஞ்சுது?"

மாப்பிள்ளை மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தான். "அதுக்குன்னு ஒரு லாஜிக் இருக்கு மாமா."

மாமனார் தோளில் தட்டினார். தன் நண்பரின் கிளினிக்குக்கும் இதையே போட்டுத் தரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மாப்பிள்ளை யோசிக்கத் தொடங்கினான்.

மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்த தையல்கார அம்மா, வாயில் பஞ்சோடு அவன் பக்கம் சாய்ந்தார்.

"அங்கயும் டிவி இப்படித் தப்பாவே காட்டட்டும் தம்பி. அதப் பாத்துப் பயந்துதான் இங்க இருந்தவங்க ஒருத்தர ஒருத்தர் என்ன வலின்னு கேட்டு, கடைசியா வந்த என்னை முதல்ல உள்ள அனுப்புனாங்க."