நீல வயரில் போன பேய்

மேமலைத் தோட்டத்து வாசிகசாலையில் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்த செய்தி தெரணியகலை பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. நம் மலைப்பாதையில் நோயாளிக்கு வண்டி கிடைக்காது. பேய்ச் செய்திக்கு எப்போதும் வண்டி உண்டு.

அன்று மாலையே கூட்டம். ரப்பர் பால் வெட்டும் கத்தியோடு சிலர், தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சிலர், கைக்குழந்தையைக் காட்டித் தீட்டுக் கழிக்க வந்த சிலர். சைக்கிளில் கடலை விற்பவர் கூட வந்துவிட்டார். பேய்க்குப் பயந்தவர்கள் எல்லோரும் பேய்க்கு மிக அருகில் இடம் பிடித்தார்கள்.

பேயின் பெயர் பழனியாண்டி. பதினொரு வருடம் அந்த வாசிகசாலையைப் பார்த்துக்கொண்டவர், மாசியில் மாரடைப்பில் போய்விட்டார். அங்கே லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதற்குள் ‘சேர்வர்’ என்றொரு மென்பொருள். கேட்கிற பிள்ளையின் போனுக்கு வைஃபையில் பாடத்தை அனுப்புவது அதன் வேலை. டேட்டா போட வழியில்லாத லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் அதை வைத்துத்தான் பரீட்சை எழுதினார்கள். போனைத் திறந்ததும் பழனியாண்டி எழுதிவைத்த வரி வரும்:

“கை கழுவிட்டு வந்து ஒக்காருங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். – பழனியாண்டி.”

அவர் உயிரோடு இருந்தவரை அதைப் படித்து ஒரு பிள்ளையும் கை கழுவியதில்லை. அவர் செத்த பிறகு பெரியவர்களுக்கே வேர்த்துக் கொட்டியது.

புதுச் செயலாளர் பிரதீபன் படித்தவர். அதனால் பேயை முறைப்படி விரட்டப் பார்த்தார். சேர்வரை அழித்தார், திரும்பப் போட்டார். பழனியாண்டி வந்தார். மறுபடி அழித்தார். மறுபடியும் வந்தார். மூன்றாம் முறை சூடம் கொளுத்திவிட்டு அழித்தார்.

“என் கையால அழிச்சேங்க! புதுசாப் போட்டா மனுசன் அதே எடத்துல ஒக்காந்திருக்காரு!” என்று ஊரைக் கூட்டினார்.

ஓப்பநாயக்கவிலிருந்து பேயோட்டும் ஏழுமலைச் சுவாமி வரவழைக்கப்பட்டார். காலத்தோடு முன்னேறிய சுவாமி. ‘மனிதர், மாடு, மோட்டார் சைக்கிள், கம்ப்யூட்டர்’ என்று கார்டு அடித்து வைத்திருந்தார். மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு சேவலைச் சுற்றினார். கண்ணை மூடி உறுமினார். “இப்ப பாருங்கடா!” என்றார். எல்லோரும் போனைப் பார்த்தார்கள். பக்கம் திறக்கவில்லை.

“போயிட்டான்!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. சேவலும் போய்விட்டது, சுவாமியின் பையில்.

மறுநாள் பாடம் வரவில்லை என்று பிள்ளைகள் அழுதார்கள். மேசைக்குக் கீழே, கம்ப்யூட்டரிலிருந்து வைஃபை பெட்டிக்குப் போகும் நீல வயர் கழன்று கிடந்ததைப் பார்த்து யாரோ செருகினார்கள். பாடம் வந்தது. கூடவே பழனியாண்டியும் வந்தார். இரண்டாவது பூசை, இரண்டாவது சேவல். அதற்குப் பிறகும் அதே கதை. சுவாமி இப்போது காரணத்தைக் கண்டுபிடித்தார்.

“பொஞ்சாதிதான் காரணம். புருசன் உசுரைப் புடிச்சு வச்சிருக்கா. ஞாயித்துக்கெழமைக்குள்ள அவ காம்பராவக் காலி பண்ணணும். இல்லாட்டி அடுத்தது பிள்ளைங்க மேல ஏறும்.”

பழனியாண்டியின் மனைவி சுப்பம்மா இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். காம்பரா என்ற அந்த ஒற்றை அறையை விட்டால் போக வேறு வாசல் கிடையாது. பக்கத்து வீட்டார் அவளிடம் தீப்பெட்டி வாங்குவதைக்கூட நிறுத்தினார்கள். கோயில் கமிட்டி கூடி, அவள் சாமான் ஏற்ற ஒரு திரீவீலர் பேசிவிட்டது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

ஆனால் சுவாமி ஒரு தவறு செய்திருந்தார். இரண்டாவது பூசையில் ‘பேயின் பெண்டாட்டி’யைத் தரையில் உட்காரவைத்திருந்தார். தரையில் உட்கார்ந்தவளுக்கு மேசைக்குக் கீழே எல்லாம் தெரியும்.

சனிக்கிழமை சுப்பம்மா பஸ் ஏறி, தெரணியகலையில் நுஸ்காவின் போன் கடைக்குப் போனாள். கம்ப்யூட்டரும் திருத்துகிற பெண் அவள்.

“தங்கச்சி, நீல வயரக் கால் வெரலால இழுத்தா பேய் போவுமாங்க?”

நுஸ்கா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். “பேய் மட்டுமா அக்கா, எல்லாமே போகும். யாரு இழுத்த?”

ஞாயிறு. மூன்றாவது சேவல் கட்டப்பட்டுத் தயார். திரீவீலரும் தயார். நுஸ்கா ஒரு பெஞ்சை இழுத்துக்கொண்டு நேராக முன்னால் வந்தாள்.

“சாமி, ஒரு சின்ன வேல. ரெண்டு காலையும் இந்த வாங்குல தூக்கி வச்சிட்டு மந்திரத்தச் செல்லுங்க.”

“காலுக்கும் மந்திரத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லாட்டி தூக்கி வைக்கலாம்தானே?”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சுவாமி காலைத் தூக்கி வைத்தார். உறுமினார். தொண்டை கட்டும்வரை உறுமினார். போன்களில் பழனியாண்டி அசையவில்லை.

“இன்னிக்கு நாள் சரியில்ல” என்றார் சுவாமி.

நம் மக்கள் லேசில் விடுவார்களா? “சாமி பொய்யாவே இருக்கட்டும். பேய் வர்றது நெசந்தானே?” என்றது ஒரு குரல். பலர் தலையாட்டினார்கள்.

“ஹரி” என்று சிங்களத்தில் ‘சரி’ சொன்னாள் நுஸ்கா. விசைப்பலகையில் ஒரு நிமிடம் தட்டினாள். பிறகு பிரதீபனைக் கூப்பிட்டாள். “நீங்க முந்தி எப்பிடி அழிச்சீங்களோ அப்பிடியே செய்ங்க, அண்ணன்.”

பிரதீபன் சேர்வரை அழித்தார். போன்களில் ஒன்றும் இல்லை. திரும்பப் போட்டார். போன்கள் விழித்தன:

“கை கழுவிட்டு வந்து ஒக்காருங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். – ஏழுமலை.”

கூட்டம் மெதுவாகச் சுவாமியின் பக்கம் திரும்பியது.

“சாமி,” என்றார் கடலைக்காரர், “நீங்க எப்பங்க செத்தீங்க?”

முன் வரிசை இரண்டடி பின்வாங்கியது. சுவாமியே ஒருமுறை தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க, அவரு உசுரோடதான் ஈக்கிறாரு” என்றாள் நுஸ்கா. “பேர மாத்தினது நான்தான். லயத்துல ஒரு குடும்பம் காலி பண்ணிப் போனா என்ன நடக்கும்? ஆளு போகும். செவுத்துல கரி ஈக்கும், ஆணி ஈக்கும், மாட்டின படமும் ஈக்கும். பிரதீபண்ணன் வெளியாக்கினது ஆள மட்டும்தான். சேர்வர் எப்பிடி ஓடணும்னு சொல்ற அமைப்புக் கோப்பு ஒரு எடத்துல, எழுதின பக்கம் இன்னொரு எடத்துல அப்பிடியே கெடந்த. புதுசா வந்த சேர்வர் பழைய படத்தையே காட்டின. இதுதான் ஒங்கட பேய்.”

பிறகு அவள் ஒழுங்காகச் செய்தாள். சேர்வரை நிறுத்தினாள். ‘ரிமூவ்’ என்று போடாமல் ‘பர்ஜ்’ என்று போட்டு, அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து எடுத்தாள். கையால் எழுதிய பக்கத்தை அதுவும் தொடாது. அந்த ஃபோல்டரைத் தானே அழித்தாள். ஒன்றும் மிச்சமில்லை என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் புதிதாகப் போட்டாள். ‘வேலை செய்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு மொட்டைப் பக்கம் வந்தது. பெயர் இல்லை. ஆவி இல்லை. சேவல் இன்னும் இருந்தது.

நுஸ்கா கூட்டத்தைப் பார்த்தாள். “ஒரு ஃபோல்டரக் காலி பண்ணத் தெரியல்ல. ஒரு பொம்பளையக் காலி பண்ண மட்டும் திரீவீலர் பேசிட்டீங்க, என்ன?”

பிரதீபன் சுப்பம்மாவுக்கு முன்னால் போய் நின்றார். “அக்கா… மன்னிச்சிருங்க” என்றார். சுப்பம்மா அவரைப் பார்க்கவில்லை. நுஸ்காவிடம் கேட்டாள்:

“தங்கச்சி, அவரு எழுதினது முழுசாப் போயிருச்சா?”

“இல்லக்கா. பாடத்தோட சேத்து முதல்லயே எடுத்து வச்சிட்டேன்.”

“அப்ப அந்த வரியத் திரும்பிப் போட்டுருங்க. செத்தாலும் கை கழுவச் சொல்றது நல்லதுதானே?”

பழனியாண்டி திரும்பி வந்தார். இம்முறை ஒருவரும் ஓடவில்லை. ஏழுமலைச் சுவாமிதான் ஓடினார், சுப்பம்மாவுக்குப் பேசிய அதே திரீவீலரில். சேவலை அவிழ்த்துவிட்டார்கள்.

அந்தத் தோட்டத்தில் அத்தனை பேரும் அந்த வரியைப் படித்தார்கள். ‘இது எங்கே எழுதியிருக்கிறது?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுத்த பேய் உங்கள் ஊருக்கு வரும்போது, சேவல் பிடிக்க ஓடுமுன் அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரு சேவல் தப்பும். ஒரு சுப்பம்மாவும் தப்புவாள்.