கனடா உப்பு

காலை ஐந்து மணிக்குச் சசிகரன் எழுந்தான். முகம் கழுவினான். தொட்டியின் வெப்பமானியைப் பார்த்தான்: இருபத்தாறு. உப்பளவைப் பார்த்தான்: சரி. இரவில் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினான். கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டினான். இரண்டு மீன்களுக்கும் சாப்பாடு போட்டான். பிறகு தனக்குத் தேநீர் ஊற்றினான். சீனி போட்டானா இல்லையா என்று குடித்து முடித்த பிறகும் தெரியவில்லை.

ஒரு வருடமாக இதுதான் காலை. இன்று மனைவி கஜானியின் ஆட்டைத் திவசம் என்பதால், கூடுதலாக முகமும் வழித்தான்.

தொட்டி கஜானியுடையது. அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். கலியாணப் பரிசாக அவளுடைய அண்ணன் ஜெகதீஸ் ரொறன்ரோவில் இருந்தபடியே கொழும்பிலிருந்து ஆள் அனுப்பி, கரம்பொன் வீட்டு முன் ஹோலில் பூட்டுவித்த, பவளமும் மீனும் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி. அதற்குரிய உப்பும் கனடாவிலிருந்தே வாளி வாளியாக வரும். வீட்டுப் படலையிலிருந்து கடலுக்கு ஐந்து நிமிட நடை.

"அது ஊத்தைக் கடல் மச்சான்," என்று ஜெகதீஸ் சொல்லியிருந்தான்.

ஆகவே, சனம் குடிப்பதற்காகப் பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீரில் கனடா உப்பைக் கரைத்து, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுக்குள் சசிகரன் புதிதாக ஒரு கடல் செய்துகொண்டிருந்தான்.

தொட்டிக்கு நாள் பார்க்கத் தெரியும். முதலாம் கலியாண நாளன்று அதற்கு உப்பு ஏறியது. நல்லூர்த் தேரன்று மோட்டர் நின்றது; கஜானி தனியாகத்தான் தேருக்குப் போனாள். கஜானி டெங்கோடு யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்தாம் நாள், தீவில் கரண்ட் போனது. தொட்டிக்கு மேலே ஜெகதீஸ் ஒரு கமரா பூட்டுவித்திருந்தான். அது இருண்டதும் ரொறன்ரோவிலிருந்து போன் வந்தது. "அவளுக்குத்தான் காய்ச்சல் விட்டிட்டுதே, ஓடிப்போய் ஜெனரேற்றரைப் போட்டிட்டு வாரும்."

சசிகரன் ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தான். மூன்று மணித்தியாலம். திரும்பி வந்தபோது அவளுடைய கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவு மலரின் நடுப்பக்கத்தில், பூப்போட்ட கட்டத்துக்குள், அவளுடைய கடைசி வார்த்தை இருந்தது: 'என் பவளங்களைக் கைவிட்டுவிடாதீர்கள்.' இப்படிச் சுத்தத் தமிழில் கஜானி ஒருநாளும் கதைத்ததில்லை. நோய் வருத்தம் கூடினால் பேச்சும் திருந்தும் போலிருக்கிறது என்று சசிகரன் நினைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் தொட்டியைக் கைவிடவில்லை.

திவசத்துக்கு ஜெகதீஸே வந்து இறங்கினான். கொழும்பிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த ரெஜிபோம் நுரைப்பெட்டியைத் திறந்தான். உள்ளே மூன்று பொலித்தீன் பைகள். ஒவ்வொன்றிலும் விரல்நுனி அளவில், பண்ணையில் வளர்த்த ஒரு பவளத் துண்டு.

"இது தங்கச்சிக்கு என்ர படையல்."

"இப்ப தண்ணிக்குள்ள விடுவமோ?" என்று சசிகரன் கேட்டான்.

"விடுறதோ! முதல் பையோட மிதக்க விட வேணும், சூடு பழக. பிறகு எங்கட தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டுப் பழக்க வேணும், ஒரு மணித்தியாலம். பிறகு மருந்துத் தண்ணியில முக்கிப் பூச்சி உதற வேணும். அதுக்குப் பிறகுதான் உள்ள."

"கனடாவுக்குப் போற சனத்துக்கும் இவ்வளவு மெடிக்கல் இல்லை அண்ணை," என்றாள் தர்சினி. கஜானியின் சித்தி மகள். ஆஸ்பத்திரியில் கூட நின்றவள். இன்று குசினியில் தனியாளாகப் பதினொரு கறி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயர் ஏழரைக்கு வாறார்," என்றான் சசிகரன்.

"ஐயரின்ர அவசரம் பவளத்துக்கு விளங்குமோ மச்சான்?"

ஐயர் ஏழே காலுக்கே வந்துவிட்டார். எட்டரைக்கு வேலணையில் இன்னொரு திவசம். ஜெகதீஸின் உத்தரவுப்படி கஜானியின் படம் தொட்டியில் சாத்தியிருந்தது. படையலும் தொட்டிக்கு முன்னால்தான். ஐயர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தித் தண்ணீருக்குள் பார்த்தார்.

"இது என்ன, முருகைக்கல்லோ?"

"உயிருள்ள பவளம் ஐயா."

"நெடுந்தீவில வேலியே இதாலதானே கட்டிக் கிடக்கு. சரி, வந்து இரும் தம்பி."

பைகள் மிதந்து முடிந்திருந்தன. சசிகரன் துண்டுகளை வாளிக்குள் மாற்றி, பாமசியில் வாங்கிய சேலைன் குழாயைத் தொட்டியிலிருந்து இறக்கி, உருளையைத் திருகிச் சொட்டு வைத்தான். செக்கனுக்கு இரண்டு சொட்டு. ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகிய வேலை. பிறகு போய்ச் சம்மணம் கட்டி இருந்தான். ஐயர் தர்ப்பையில் முடிந்த பவித்திரத்தை அவன் விரலில் போட்டார்.

கோத்திரம் சொல்லி முடிவதற்குள் உருளை இளகியது. சொட்டு ஓட்டமானது. வாளி நிரம்பி வழிந்த தண்ணீர் சீமெந்து நிலத்தில் ஓசையில்லாமல் நடந்து வந்து, வாழையிலையைத் தூக்கி, பிண்டத்துக்குள் ஏறியது.

ஐயர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "தம்பி, பிண்டத்துக்கு உப்புப் போடுறேல்லை."

"கனடா உப்பு ஐயா," என்றான் ஜெகதீஸ். ரொறன்ரோ உறவினருக்காக எல்லாவற்றையும் போனில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தான்.

சசிகரன் பாய்ந்தெழுந்தான்.

"பவித்திரத்தோட எழும்பப்படாது!" என்றார் ஐயர்.

அதற்குள் அவன் குழாயைப் பிடுங்கிவிட்டான். பழக்க நேரமில்லை. மூன்று துண்டுகளையும் அள்ளி நேரே தொட்டிக்குள் வைத்தான்.

"முக்கினனீரோ?" என்று ஜெகதீஸ் கத்தினான். "மருந்தில முக்கினனீரோ மச்சான்? பூச்சி கிடந்தால் முழுக்கச் சாகும்!"

சசிகரன் திரும்ப எடுக்கக் கையை விட்டான். பவித்திரம் கழன்று, மெதுவாகச் சுழன்று, பழைய பெரிய பவளத்தின் நடுவில் போய் விழுந்தது. விரல் விரலாக ஆடிக்கொண்டிருந்த பவளம் அதைப் பொத்திப் பிடித்தது. அதை மீட்கப் போன அவசரத்தில் புதுத்துண்டு ஒன்று உருண்டு பெரியதன் மடியில் விழுந்தது. அயலில் வந்தவரைச் சுடுவது அதன் குணம். புதுத்துண்டு வெளிறிச் சுருங்கியது.

"ஐயோ, சுடுது! சுடுது!" என்று ஜெகதீஸ் ரொறன்ரோவுக்கு அறிவித்தான்.

"வேற பவித்திரம் முடியிறன். நீர் இரும்," என்றார் ஐயர். "இடமும் கெட்டுப் போச்சு. சுத்தி செய்ய வேணும்."

மாவிலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து நாலு திசையும் தெளித்தார். ஐயரின் கை தாராளமான கை. அதோடு தொட்டிக்கு மூடியில்லை. மிச்சம் இருந்ததையும் ஐயர் குறை வைக்காமல் அதற்குள்ளேயே ஊற்றினார்.

"ஐயா!"

"கெட்டதுக்கு ஒண்டுமில்லைத் தம்பி. மஞ்சள்தானே, கிருமி சாகும்."

தொட்டி பருப்புத் தண்ணீர் நிறமானது. விரிந்து கிடந்த எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒதுங்கி ஐயரைப் பார்த்தன.

"தண்ணியை மாத்த வேணும்," என்று ஜெகதீஸ் வாயெடுக்கும்போது கரண்ட் போனது. மோட்டர் நின்றது. ஒரு வருடத்தில் முதல்முறையாக வீடு அமைதியாக இருந்தது.

"ஜெனரேற்றர்! மச்சான், ஜெனரேற்றரைப் போடும்!"

புதுப் பவித்திரத்தோடு திரும்ப இருந்த சசிகரனின் கால் தானாக எழுந்தது. அவன் உள்ளங்கையில் எள் இருந்தது.

"தம்பி," என்றார் ஐயர். இம்முறை குரலை உயர்த்தவில்லை. "எள்ளுந் தண்ணியும் இறைக்கிற நேரம். இப்ப எழும்பினால் திவசம் இல்லை. நான் வேலணைக்குப் போயிடுவன்."

"திவசம் நாளைக்கும் செய்யலாம்! இதுகள் ஒரு மணித்தியாலம் தாங்காது!" ஜெகதீஸ் அலுமாரியிலிருந்த நினைவு மலரை எடுத்து நடுப்பக்கத்தை விரித்துப் பிடித்தான். "இந்தா கிடக்கு, என்ர தங்கச்சியின்ர கடைசி வார்த்தை! இதைவிட உமக்கு என்ன திவசம்?"

சசிகரன் அரைவாசி எழுந்தபடி நின்றான். படத்தைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். பிறகு, வழக்கம்போல, செருப்பைத் தேடினான்.

நிலத்து உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த தர்சினி நிமிராமலே கேட்டாள்.

"அண்ணை, அந்த வசனம் ஆர் கேட்டது?"

"எந்த வசனம்?"

"மலரில கிடக்கிறது."

"மலர் எழுதின வாத்தியார் போன் எடுத்து, கடைசியா என்ன சொன்னவ எண்டு கேட்டார். பக்கம் காலியாக் கிடக்குது எண்டார். ஏதும் சொல்லத்தானே வேணும்..."

"நீங்கள் ரொறன்ரோவில நிண்டனீங்கள்."

ஜெகதீஸ் போனைத் திருப்பிக் கமராவை மூடினான்.

"கட்டிலடியில நிண்டது நான்," என்றாள் தர்சினி. "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. மலருக்கு அக்காவின்ர வடிவான படம் ஒண்டு இருக்கோ எண்டுதான் கேட்டனீங்கள்."

சசிகரன் ஒரு காலில் செருப்போடு நின்றான். "என்ன சொன்னவள்?"

தர்சினி துணியைப் பிழிந்தாள். கனடா உப்பு வாளிக்குள் ஒழுகியது.

"கண் முழிச்சு, அவர் எங்க எண்டு கேட்டவ. தொட்டிக்கு ஜெனரேற்றர் போட வீட்டை போயிட்டார் எண்டு சொன்னனான். அதுக்கு ஒரு சொல்லுத்தான் அத்தான் சொன்னவ. அதுக்குப் பிறகு வாய் திறக்கேல்லை."

"என்ன சொல்லு?"

"'இண்டைக்குமோ?'"