பன்னிரண்டு கோழிக்குப் பொட்டு வைத்த கதை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் பன்னிரண்டு கோழிகளைப் பிடித்துக் குறியிட்டு விட்டுவிட்டேன். கடைசியாகப் பிடித்தது பக்கத்து வீட்டுத் தேவகியின் சேவல். என் வலது கையில் என்ன கட்டு என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு, அந்தச் சேவல்தான் பதில்.

வேலை சாதாரணமானது. செஞ்சியில் எங்கள் தெருவில் மொத்தம் எத்தனை கோழிகள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்டது என் மனைவி மலர். அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு மாதிரி வகுப்பு. மற்றப் பள்ளி ஆசிரியர்கள் பத்துப் பேர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். போன முறை இப்படிப் பார்த்தவர்களில் ஒருவர், "டீச்சர் புத்தகத்தை நல்லா ஒப்பிக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருடமாக அது இவள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

இந்த முறை பாடம், உயிரினத் தொகையைக் கணக்கிடுவது. புத்தகத்தில் குளத்து மீனை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். "மீன் வேணாம். நம்ம தெருக் கோழி. நெசமான எண்ணு வேணும்" என்றாள்.

"இதுக்கு எதுக்குப் பாடம்? வீடு வீடாப் போய்க் கேட்டா முடிஞ்சுது" என்றேன்.

"போய்க் கேளுங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்த பொறுமையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினேன். முப்பது வருடம் ஒரு நாளிதழுக்கு இந்த ஊர்ச் செய்தியை அனுப்பியவன். கேள்வி கேட்பது எனக்குப் புதிதல்ல.

முதல் வீடு தேவகி. "தேவகி, உங்கிட்ட எத்தினி கோழி இருக்குது?"

"இருக்குதுண்ணே."

"எத்தினி?"

"அதான், இருக்குது. ஏண்ணே, சாயந்திரம் வௌக்கு வைக்கற நேரத்துல வந்து எண்ணச் சொல்றீங்க?"

எதிர்வீட்டு ஏழுமலை, வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், இன்னும் உஷார். "இன்னா சார், பறவைக் காய்ச்சலா?"

"இல்லப்பா. சும்மா ஒரு கணக்கு."

"சும்மா கணக்குன்னா நானும் சும்மா சொல்லணும். நாலு." அவன் பின்னால் கூரையில் ஆறு உட்கார்ந்திருந்தன.

எங்கள் பக்கம் கோழியை எண்ணிச் சொன்னால் கண் படும் என்பார்கள். சொன்ன மறுநாள் ஒன்று நாய் வாயில் போகும். எட்டு வீடு ஏறி இறங்கியதில் எனக்குக் கிடைத்த எண்கள்: "இருக்குது", "கெடக்குது", "ஏதோ ரெண்டு", ஒரு டம்ளர் மோர்.

மலர் சிரிக்கவில்லை. "அதனாலதான் பாடம்" என்று சொல்லி விளக்கினாள். கொஞ்சம் பிடித்துக் குறி போட்டு விட்டுவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி கொஞ்சம் பிடிக்க வேண்டும். அதில் எத்தனை குறியோடு வருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பிடியையும் இரண்டாம் பிடியையும் பெருக்கி, குறியோடு வந்ததால் வகுத்தால் மொத்தம் கிடைத்துவிடும்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனா உங்களால முடியுமா? மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்கு முப்பது வருசமா பல லட்சம் பக்தர்கள்னு எழுதுனீங்க. ஒருத்தரயாவது எண்ணியிருக்கீங்களா?"

எண்ணியதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று பார்ப்பேன். லட்சம் மாதிரி இருந்தால் லட்சம். போன மாதத்தைவிடத் தள்ளுமுள்ளு அதிகம் என்றால் பல லட்சம்.

ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். "இடது கால் நகத்துல ஒரு சொட்டு. வெளிய தெரியக் கூடாது."

"தெரியாத குறி எதுக்குடி?"

"அப்பதான் கோழி கோழியாவே இருக்கும். மறந்துடாதீங்க."

சனிக்கிழமை அவளுக்கு விழுப்புரத்தில் பயிற்சி. விடியற்காலை பஸ் பிடித்துப் போய்விட்டாள். நான் என் வீட்டு வாசலில் அரிசி இறைத்து, கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். கோழிகளைத் திறந்துவிட்டுத் தெருப் பெண்கள் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம். யாரும் பார்க்கவில்லை. கோழிகள் வந்தன. கேட்டைச் சாத்தினேன்.

துண்டைப் போட்டுப் பிடிப்பது என்று திட்டம். கோழிக்கு அந்தத் திட்டம் தெரிவிக்கப்படவில்லை. முதல் கோழியைப் பிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. மடியில் வைத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, பாட்டிலைத் திறந்து, இடது கால் எது என்று நான் யோசித்த நேரத்தில் அது அந்தக் காலாலேயே பாட்டிலை உதைத்தது. பாட்டில் முழுவதும் என் வேட்டியில். நகத்தில் ஒரு சொட்டு இல்லை.

வேறு குறி வேண்டும். பெயின்ட் கோழிக்கு ஆகாது. கோழிக்கும் கெடுதல் இல்லாமல், என் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி என்ன இருக்கிறது? சமையலறைக்குப் போனேன். மஞ்சள்தூள் இருந்தது. குழைத்து முதுகில் ஒரு பட்டை. செவலைக் கோழிகளுக்கு மஞ்சள் சரியாக எடுபடவில்லை. பூஜை மாடத்தில் குங்குமம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று நெற்றியில் ஒரு பொட்டும் வைத்தேன்.

தேவகியின் சேவல் மட்டும் பொட்டு வைக்கும்போது கட்டைவிரலுக்குக் கீழே சதையைப் பிய்த்துவிட்டது. மற்றவை எல்லாம் மரியாதையாக வைத்துக்கொண்டன.

முப்பது வருடம் மேல்மலையனூர்ச் செய்தி எழுதியவனுக்கு, வியாழக்கிழமை அமாவாசை என்று காலண்டரைப் பார்க்காமலே தெரிந்தவனுக்கு, ஒரு கோழிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. அங்காளம்மனுக்கு நேர்ந்துவிட்ட கோழி என்று அர்த்தம். அதை அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, கோயிலுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், தூரத்திலிருந்தே தெரிகிறதே என்ற திருப்திதான்.

இரவு மலர் அலுத்து வந்தாள். "குறி போட்டாச்சா?"

"பன்னெண்டு."

"கை இன்னா?"

"களப்பணி" என்றேன். அவள் தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குத் தேவகி கேட்டைத் தட்டினாள். கண் சிவந்திருந்தது. சேவல் செத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அண்ணே, எங்க சேவலுக்கு மஞ்சா பூசிப் பொட்டு வச்சிருக்குதுண்ணே. நேத்து சாயந்திரம் அத அடைக்கசொல்லதான் பாத்தேன்."

"அப்படியா?" என்றேன். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு மத்தியானம் சம்பந்தி வூட்டுக்காரங்க மொத மொத வராங்க. அத அடிச்சுதான் கொழம்பு வைக்கலாம்னு இருந்தேன். இப்ப எப்பிடிண்ணே கத்தி வைக்கறது?" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "மூணு வருசம் முன்ன அவரு டைபாய்டுல கெடந்தாரே, அப்ப ஆத்தாவுக்கு ஒரு சேவல் விடறேன்னு வேண்டிக்கினேன். அப்பால மறந்தே போச்சு. நான் மறந்தேன். அவ மறக்கல பாருங்க."

இதற்கு மேல் சும்மா இருப்பது பாவம் என்று தோன்றியது. "தேவகி, அது ஆத்தா இல்ல. நான்தான் வச்சேன்."

"நீங்களா?"

"மலருக்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. கோழிய எண்ணறதுக்கு..."

"எந்தக் கையால வச்சீங்க?"

வலது கையை நீட்டினேன். கட்டோடு அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களுக்கே தெரியாம உங்களை வைக்க வச்சிருக்கா. இல்லன்னா இத்தினி கோழில எங்க சேவல் எப்பிடிண்ணே உங்க கையில மாட்டும்?"

பத்திரிகையில் எத்தனையோ மறுப்புச் செய்தி எழுதியிருக்கிறேன். இவ்வளவு வேகமாக எதுவும் தோற்றதில்லை.

உள்ளேயிருந்து மலர் வந்து நின்றாள். "மஞ்சளா வச்சீங்க?"

"கூடக் கொஞ்சம் குங்குமம்."

"நான் குடுத்த நெயில் பாலிஷ்?"

"வேட்டில இருக்குது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா என்று இன்றுவரை கேட்கவில்லை.

மதியத்துக்குள் தெருவே மாறிவிட்டது. மஞ்சள் கோழி இருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய வேண்டுதல் ஞாபகத்துக்கு வந்தது. ஒருத்திக்கு மகள் நர்சிங் பாஸ் பண்ணியது, ஒருவருக்கு முழங்கால் வலி தீர்ந்தது. தேவகி முட்டைக் குழம்பு வைத்தாள். சம்பந்தி வீட்டார், ஆத்தாவே வந்து பொட்டு வைத்துவிட்டுப் போன வீடு என்று கேள்விப்பட்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் ஏழுமலை வந்தான். கக்கத்தில் ஒரு வெள்ளைச் சேவல். முகம் சரியில்லை.

"இன்னா சார், எல்லார் வூட்டுக்கும் வச்சீங்க. எங்க வூட்டுமேல ஆத்தாவுக்கு இன்னா கோவம்?"

"கோவம் இல்ல ஏழுமலை. உன் கோழி எதுவும் அரிசி தின்ன வரல. அவ்வளவுதான்."

"இப்ப வந்திருக்குது. வையுங்க."

"வைக்க முடியாதுப்பா. சனிக்கிழமை பன்னெண்டோட குறி போட்டு முடிஞ்சுபோச்சு. இப்ப ஒண்ணு சேத்தா கணக்கு கெட்டுடும்."

"ஆத்தாவுக்கு இன்னா சார் சனிக்கெழமை, ஞாயித்துக்கெழமை?" சேவலை மறு கக்கத்துக்கு மாற்றினான். "எனக்குத் தெரியும். நாலுன்னு பொய் சொன்னேன்ல, அதுக்குதான் இது."

போய்விட்டான். என்னை நேராகப் பார்த்து உண்மையான எண்ணிக்கையை ஒப்புக்கொள்வதற்கு மிக நெருக்கமாக அந்தத் தெருவில் வந்தவன் அவன் ஒருவன்தான்.

திங்கட்கிழமை காலை மறுபடி அரிசி, மறுபடி கேட். இந்த முறை கை பழகிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் பதினைந்து கோழி பிடித்தேன். ஒன்றின் முதுகிலும் மஞ்சள் இல்லை.

தேவகி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் சேவல் கூடையின் கீழே, விரித்த கோணிமேல் உட்கார்ந்து, ஊறவைத்த கம்பு தின்றுகொண்டிருந்தது. "அமாவாச வரைக்கும் வெளிய வுடறதா இல்லண்ணே. நாய் கீய் கடிச்சிட்டா யாரு பதில் சொல்றது?" என்றாள். பன்னிரண்டும் அப்படித்தான். ஆத்தாவின் சொத்து. தெருவில் மேய விடுவார்களா?

மலர் சேலையில் பின்னைக் குத்திக்கொண்டே கேட்டாள். "எத்தினி புடிச்சீங்க?"

"பதினஞ்சு."

"குறியோட?"

"பூஜ்யம்."

கை நின்றது. "பன்னெண்டு பெருக்கல் பதினஞ்சு, வகுத்தல் பூஜ்யம். இன்னா விடை தெரியுமா?"

"திரளான கோழிகள்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு வகுப்பு. பின்பெஞ்சில் பத்துப் பேர். கையில் ஒரு பூஜ்யம். என் புத்தி எனக்குத் தெரிந்த வழியில் போனது. "ஒரு நாலு போட்டுக்கோயேன். பன்னெண்டையும் பதினஞ்சையும் பெருக்கி நாலால வகுத்தா நாப்பத்தஞ்சு வருது. பாத்தாலும் ஒரு நாப்பத்தஞ்சு மாதிரிதான் இருக்குது."

"உங்க பேப்பர் இல்ல இது" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று இரவு சாப்பாட்டில் எனக்கு ரசம் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அவள் வாயாலேயே கேட்டேன். கரும்பலகையில் அந்தப் பூஜ்யத்தை அப்படியே எழுதினாளாம். நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாளாம், வேட்டி உட்பட. "கணக்கு எங்க தப்பாச்சு?" என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறாள்.

அப்புறம் தொண்டூரிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாளாம். "டீச்சர், குறி போட்ட பிறகும் அது மத்ததுங்க மாதிரியே திரியணும். அப்பதான் திரும்ப மாட்டும். இங்க குறி போட்டதும் கோழிக்கு மரியாத வந்துடுச்சு. மரியாத வந்தது தெருவுக்கு வருமா?"

வகுப்பு சிரித்ததாம். பின்பெஞ்சு அதை நோட்டில் எழுதிக்கொண்டதாம். ஏன் பார்த்ததும் தெரியாத குறி போட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இனி மறக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னாராம். போன முறை ஒப்பிக்கிறாள் என்று சொன்னவர் அவரேதான். போகும்போது கேட்டிருக்கிறார்: "கோழி புடிச்சது யாருங்க டீச்சர்?"

"இந்த வேலைக்குப் புதுசா சேந்தவர்" என்று சொன்னாளாம்.

அன்று இரவு ரசத்தோடு முட்டையும் வந்தது.

பொட்டு வைத்த கையும் மேல்மலையனூருக்குக் கூட வர வேண்டும் என்று தேவகி பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால் நானும் போனேன். பஸ்ஸில் ஏறும்போதே ஒன்று ஒன்றாக எண்ணினேன். வாழ்க்கையில் நான் முழுதாக எண்ணிய முதல் அமாவாசைக் கூட்டம்.

வியாழக்கிழமை அமாவாசையன்று மாலை நாலரை மணி சிறப்புப் பேருந்தில், எங்கள் தெருவிலிருந்து மேல்மலையனூருக்குப் பொட்டு வைத்த பதிமூன்று கோழிகள் ஏறின. பதிமூன்றாவது ஏழுமலையின் மடியில் இருந்தது.