டெபோரா நம்பிய ஆள்

பங்குச் சாமியார் வந்தால் கொடுப்பதற்கென்று எடுத்து வைத்திருந்த பூப்போட்ட கப்பில் ஜெரின் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கஸ்பாருக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு எவர்சில்வர் டம்ளர்தான். ஒரு தடவை அந்தக் கப்பைத் தொட்டதற்கு டெபோரா கையிலேயே தட்டியிருக்கிறாள்.

அணுமின்சாரத்தைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத அரசாங்கம் அனுப்பிய பையன் ஜெரின். ராயபுரத்தில் அந்தத் தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு தடவை போனான். இந்த வீட்டுக்கு மட்டும் மூன்று தடவை. அதிலும் மடிப்புக் கலையாத சட்டை வேறு!

"வாங்க சார், உங்களுக்காகத்தான் வெயிட்டிங்," என்றான்.

"எனக்காவா? ஹார்பர்ல கிரேன் ஏறுனா அஞ்சு மணிக்குத்தான் எறங்குவேன். நீ மூணு மணிக்கே வந்து குந்திகினு கீற!"

"மருவாதியா பேசுய்யா," என்றாள் டெபோரா. "வெரலு நுனி சைசு யுரேனிய உருண்டைல எம்மாங் கரண்டு எடுக்கலாம்னு சாரு அழகா சொல்லிகினு கீறாரு."

அழகாமே அழகு! இருபத்திரண்டு வருஷத்தில் தன் வாயிலிருந்து வந்த ஒன்றையாவது இவள் அழகு என்று சொன்னதுண்டா?

"தோ பாரு நைனா," என்று கஸ்பார் ஆரம்பித்தார். "போன மழைக்கு மூணு நாளு முட்டிக்கால் தண்ணில நின்னோம். ஒரு மணி நேரத்துல வடிஞ்சுடும்னு சொன்னாங்க உன் கவர்மெண்டு. மழைத்தண்ணிய வடிய வுடத் தெரியாதவங்க அணுவப் பாத்துக்குவாங்களா? நான் ஒத்துக்கமாட்டேன். எழுதிகினு கெளம்பு."

ஜெரின் எழுதிக்கொண்டான். ஆனால் கிளம்பவில்லை. "சந்தேகம் இருந்தா தீத்து வெக்கணும் சார். நாளைக்கு லேப்டாப்ல வீடியோ கொண்டு வரேன்."

கஸ்பாருக்கு மண்டை காய்ந்தது.

மறுநாள், கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டும் கமாலிடம் புலம்பினார். கமால் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னான்: "இன்னா மாமு நீ! வேணாம்னு சொன்னா வந்துகினேதான் இருப்பான். சரின்னுட்டா அவனுக்கு அங்க இன்னா வேல?"

அட, ஆமாம்! அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கஸ்பார் வீடியோவைப் பார்க்கக்கூட உட்காரவில்லை.

"அணு சூப்பரு! கவர்மெண்டு சொக்கத் தங்கம்! கையெழுத்து எங்க போடணும்?"

டெபோரா அவரை உற்றுப் பார்த்தாள். "நெஜமாவாயா சொல்ற?"

"சத்தியமா."

"அந்தோணியார் மேல?"

"அந்தோணியார் மேல!"

 அவள் ஜெரின் பக்கம் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே அவளுடைய படிவத்தில் எதையோ அடித்து எழுதினான்.

"இன்னா எழுதுற?" என்றார் கஸ்பார்.

"அது என் ஃபாரம். உனக்கு இன்னாத்துக்கு?" என்றாள் டெபோரா.

ஜெரின் கஸ்பாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "சார், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பங்கு மண்டபத்துல கூட்டம். மனசு மாறினவங்க பேசினா நல்லாயிருக்கும். மேடத்தையும் அவசியம் கூட்டிட்டு வாங்க."

மேடம் வேறு! கஸ்பார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெபோரா ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கட்டி, நாலு முழம் மல்லிகை வைத்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் யார்? ஜெரின். அந்தப் பக்கம் அவனுடைய மேலதிகாரி சாரா மேடம், மடியில் படிவக் கட்டோடு. கஸ்பார் மைக்கைப் பிடித்தபோது ஜெரின் ஏதோ சொல்ல, டெபோரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவ்வளவுதான்.

"நான் சொன்னது அம்புட்டும் டூப்பு!" மண்டபம் அதிர்ந்தது. "தோ, இந்த ஆளு வூட்டாண்ட வந்து பேஜாரு பண்ணிகினே இருந்தான். அவன ஓட்டி வுடத்தான் அணு சூப்பருன்னு கப்சா வுட்டேன். அந்தோணியார் மேல போட்ட சத்தியமும் கப்சாதான்! கவர்மெண்டையும் நம்பல, அணுவையும் நம்பல, இவன சுத்தமா நம்பல!"

பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது. ஜெரின் தலையைக் குனிந்துகொண்டான். டெபோராவின் முகத்தில் சிரிப்பு செத்துப் போயிருந்தது. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று கஸ்பார் மார்பை நிமிர்த்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

சாரா மேடம் படிவக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டெபோராவிடம் கேட்டார்:

"ஏம்மா, 'யார் சொன்னா நம்புவீங்க'ங்கிற கேள்விக்கு அரசாங்கம், விஞ்ஞானி எல்லாம் வேணாம், 'எங்க வூட்டுக்காரர் சொன்னா மட்டும்தான்'னு சொல்லியிருந்தீங்க, அதுக்காகத்தான் ஜெரினை இவர்கிட்டயே திரும்பத் திரும்ப அனுப்பினேன், இவர் சரின்னதும் நீங்களும் 'வேணாம்'ங்கிறதை அடிச்சு 'சரி'ன்னு மாத்தச் சொன்னீங்க, இப்ப அந்தப் பதிலை அப்படியே விட்டுடட்டுமா, அடிச்சிடட்டுமா?"