ரோசலின் சோசியமும் ரோத்தான் கூடையும்

ரயில்வே குவார்ட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்
12 மார்ச் 1936, வியாழன்

கிள்ளான் வாழ் மேன்மைமிகு மைத்துனர் கிரிகரி அவர்கள் சமூகத்துக்கு, சிரில் பணிவுடன் எழுதிக்கொண்டது.

மாதாவின் தயவால் நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே உங்கள் தங்கை லூசி சுகம். நான்தான் சுகமில்லை. சோறு இறங்கவில்லை.

விஷயம் உங்கள் மருமகள், என் பெண் ரோசலினைப் பற்றியது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படிப்பை முடித்தவளுக்கு வரன் பார்க்கலாம் என்று இருந்தேன். போன மாதம் மடத்து சிஸ்டர் அவளிடம் வேலைப் பயிற்சிக்கான இரண்டு விண்ணப்பப் பாரங்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து மார்ச் பதினாலுக்குள் அப்பா கையெழுத்தோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து சொன்னாள்: "அப்பா, ஒன்னு சோசியல் ஒர்க். ஏழபாழைங்க வீட்டுக்குப் போயி, அவங்க கஷ்டத்தக் கேட்டு, வழி சொல்லணும்." எனக்குச் சோசியம் என்றுதான் காதில் விழுந்தது. வீடு வீடாகப் போய், கஷ்டத்தைக் கேட்டு, வழி சொல்வது வேறு என்ன தொழில்? நாலு தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துப் பெண் கிளிக்கூண்டோடு தெருவில் உட்காரப் போகிறாள் என்று நான் போட்ட கூச்சல் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது.

மறுநாள் காலை எதிர்வீட்டு நல்லம்மாள், மகன் வேலாயுதத்தின் ஜாதகத்தோடு வந்து நிற்கிறாள். "பாப்பா சோசியம் பாக்குதாமே. இவனுக்கு எப்ப நல்ல காலம்னு பாக்கச் சொல்லுங்கய்யா." நான் வாயைத் திறப்பதற்குள் ரோசலின் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஜாதகத்தைத் தொடாமலே, "அண்ணனுக்கு எத்தன நாளா இருமல்?" என்று கேட்டாள். ஆறு மாதமாம். அவளே முன்னின்று அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், கட்டில் கிடைக்கும்வரை அங்கேயே நின்றாள். பையன் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நல்லம்மாள் ஊரெல்லாம் போய் என்ன சொன்னாள் தெரியுமா? "ஜாதகத்தப் பிரிக்கக்கூட இல்ல, அப்படியே சொல்லிருச்சு." அன்றிலிருந்து வாசலில் வரிசை. ஒருத்திக்குச் செவ்வாய் தோஷம், இன்னொருத்திக்கு ஏழரைச் சனி, ஒருவருக்கு மாட்டைக் காணோம். இவளோ ஒவ்வொருவரிடமும் வீட்டில் எத்தனை பேர், யார் குடிப்பது என்று விசாரித்து நோட்டில் எழுதிக்கொள்கிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் என்னை நிறுத்தி, "சிரில், வீட்டு வாசல்ல என்ன கூட்டம்?" என்றார். "இருமல், சாமி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

சரி, இரண்டாவது பாரமாவது மானத்தைக் காப்பாற்றுமா என்று பார்த்தால் அது ஆக்குபேஷனல் தெரப்பி. முப்பது வருஷமாக ரயில்வே பாரங்களை நிரப்புகிறவன் நான். ஆக்குபேஷன் என்ற இடத்தில் தொழிலை எழுதுவோம். தொழிலின் பெயரே ஆக்குபேஷன் என்றால் அங்கே எதை எழுதுவது? "நோயாளிங்களுக்குக் கைவேல கத்துக் குடுத்தே கொணப்படுத்துறதுப்பா" என்கிறாள். அதற்கு ஓராண்டுப் பயிற்சி பைத்தியக்கார ஆஸ்பத்திரியில், தஞ்சோங் ரம்புத்தானில். யோசித்துப் பாருங்கள் மச்சான். பெண் கேட்டு வருகிறவர்கள் பொண்ணு எங்கே என்பார்கள். தஞ்சோங் ரம்புத்தானில் என்பேன். காப்பியைத் தொடாமல் எழுந்து போவார்கள். அந்த ஊருக்கு ஒருத்தி வேலைக்குத்தான் போனாள் என்றால் இந்த நாட்டில் யார் நம்புவார்கள்?

போதாததற்கு என்னை வைத்தே பழகுகிறாள். டிசம்பரில் சைக்கிளிலிருந்து விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்ததும், கட்டு அவிழ்த்த பின்னும் விரல்கள் மடங்காமல் நான் லீவில் கிடப்பதும் உங்களுக்குத் தெரியும். தினமும் ஒரு கட்டு ரோத்தான் பிரம்பை ஊறவைத்து மடியில் போட்டு, "பின்னுங்கப்பா, இழுத்துப் பின்னுங்க" என்கிறாள். பேனா பிடித்த கிளார்க், சோசியக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து கோழிக்கூடை முடைகிறேன். நேற்று கோழி வியாபாரி கன்னையா வந்து, "அண்ணே, பாசாருக்கு ஆறு கூட வேணும், எப்பக் கெடைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே பெண். ஒரு பாரம் அவளை ஊரார் கஷ்டத்துக்குள் இழுத்துவிடும், மற்றது என் கண்ணுக்கு எட்டாத ஊருக்குக் கொண்டுபோய்விடும். எதில் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையை நானே வீட்டை விட்டு அனுப்பியதாகும். ஆகையால் கடிதம் கண்டதும் முதல் ரயிலில் புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்ற முறையில், இரண்டும் வேண்டாம் என்று கண்டித்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் ரோத்தானை எடுத்து நீட்டுகிறாள்.

தேவமாதா உங்கள் கடைக்கும் குடும்பத்துக்கும் காவலாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
சிரில்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது லூசி எட்டிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். என்னவென்று கேட்டால், "இது யாரு எழுத்து?" என்கிறாள். விபத்துக்குப் பிறகு உங்களுக்கு வந்த கடிதங்களெல்லாம் நான் சொல்லச் சொல்ல ரோசலின் எழுதியவை. இது அவளைப் பற்றிய புகார் என்பதால் அவளிடம் சொல்ல முடியாமல், நானே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பக்கம் எழுதியிருக்கிறேன், மச்சான். எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லை. எது வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒங்க வெரல் மொத தடவ மடங்குன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேம்ப்பா" என்றாள். தஞ்சோங் ரம்புத்தான் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் இப்போது வர வேண்டாம். அவளை ரயிலேற்றும் நாளன்று வாருங்கள், என்னால் தனியாக முடியாது.